வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தால் பிள்ளைக்குப் பின்னாளில் குறை வருமா?

கேள்வி: எனக்கு வயது 37. ஊர் திங்கள்நகர் பக்கம். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். முதல் கர்ப்பத்தில் டெஸ்டில் ரிஸ்க் என்று வந்ததால் 17ஆவது வாரத்தில் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். ரிசல்ட் நார்மல். மகன் பிறந்தபோது மஞ்சள் காமாலை என்று மூன்று நாள் லைட்டில் வைத்தார்கள். இப்போது அவனுக்கு 4 வயது. அடிக்கடி சளி, இளைப்பு. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். எல்லாம் அந்த ஊசியால் வந்தது என்கிறார் மாமியார். இப்போது மறுபடியும் 12 வாரம். டபுள் மார்க்கர் ரத்த டெஸ்டில் ரிஸ்க் 90இல் 1 என்று வந்திருக்கிறது, பிள்ளையின் கழுத்துப் பின்பக்கம் அளக்கும் என்.டி. ஸ்கேனில் 2.1 மி.மீ. மறுபடி அதே டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். என் ரத்தம் ஓ நெகட்டிவ். முதல் டெஸ்டுக்குப் பிறகு ஊசி ஏதும் போட்டார்களா என்று நினைவில்லை. எங்கள் பக்கம் மணலிலேயே கதிர்வீச்சு உண்டு என்கிறார்கள். இந்த டெஸ்டின் கதிரும் சேர்ந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் இளைப்புக்கும் பேச்சுக்கும் அந்த ஊசி காரணம் இல்லை. 15 வாரம் முடிந்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே முறையாகப் பனிக்குட நீர் எடுத்தால் (அம்னியோசென்டெசிஸ்), அந்தப் பிள்ளைகள் வளரும்போது மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறுபடுவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள் முக்கியமானவை: ஓ நெகட்டிவ் ரத்தம், பிறந்ததும் வந்த மஞ்சள் காமாலை. ஊசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் அந்த இரண்டும் கவனத்திலிருந்து நழுவிவிடும்.

கதிர் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கதிர்வீசும் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருப்பது உண்மை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ ஒலி அலை. அதில் கதிர்வீச்சு கிடையாது, நீர் எடுக்கும் ஊசியிலும் கிடையாது. இரண்டும் கூடுவதற்கு இடமே இல்லை.

உங்கள் மாமியாரின் சந்தேகம் மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். கருவிலிருக்கும் பிள்ளையின் நுரையீரல் பனிக்குட நீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுத்தான் வளர்கிறது. கை கால்களும் அந்த நீரில் அசைந்துதான் நேராகின்றன. நீரைக் குறைத்தால் நுரையீரலும் மூட்டும் கெடாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. 1978இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், நீர் எடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பிறந்தவுடன் மூச்சுத் திணறலும் இடுப்பு, பாத வளைவுகளும் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. அதனால்தான் பிற்பாடு இதைத் துருவிப் பார்த்தார்கள். கனடாவில் தாயின் வயிற்றில் இருந்தபோது நீர் எடுக்கப்பட்ட 1296 பிள்ளைகளை, எடுக்கப்படாத 3704 பிள்ளைகளோடு ஒப்பிட்டு, 7 முதல் 18 வயது வரையான நிலையைப் பார்த்து 1994இல் வெளியிட்டார்கள். கேள்திறன், பார்வை, படிப்பில் தடுமாற்றம், கை கால் குறை எதிலும் வித்தியாசம் இல்லை. ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது: தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாததால் பிறந்தவுடன் வரும் ரத்தச் சிதைவு. அதாவது மஞ்சள் காமாலை.

அளவைப் பார்த்தால் காரணம் விளங்கும். 16 வாரத்தில் பனிக்குடத்தில் ஏறக்குறைய 200 மி.லி. நீர் இருக்கும். நாங்கள் எடுப்பது 15 முதல் 20 மி.லி., பத்தில் ஒரு பங்கு. அதைப் பிள்ளையின் சிறுநீரும் சவ்வும் சேர்ந்து ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். 11, 12 வாரத்தில் இருப்பதோ 50, 60 மி.லி.தான். அப்போது எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், கர்ப்பப்பைச் சுவரோடு சவ்வும் இன்னும் ஒட்டியிருக்காது. 1998இல் வெளியான கனடா ஆய்வில் 11, 12 வாரத்தில் நீர் எடுத்தவர்களின் பிள்ளைகளில் 1.3 சதவீதத்துக்குப் பாதம் உள்நோக்கி வளைந்திருந்தது. வழக்கமான வாரத்தில் எடுத்தவர்களில் அது 0.1 சதவீதம். நீர் கசிவும் கருக்கலைவும் கூட முன்னதில் அதிகம். அதன் பிறகு 15 வாரத்துக்கு முன் நீர் எடுக்கக் கூடாது என்பது எங்கும் விதியாகிவிட்டது. உங்களுக்கு 17ஆவது வாரத்தில் எடுத்திருக்கிறார்கள். வாரக் கணக்கில் தவறு எதுவும் நடக்கவில்லை.

இனி மகனைப் பற்றி. நான்கு வயதில் ஒரு பிள்ளை நான்கைந்து வார்த்தை கோத்து வாக்கியமாகப் பேச வேண்டும். வெளியார் கேட்டாலும் பெரும்பாலும் புரிய வேண்டும். உங்கள் மகன் அந்த இடத்துக்கு வரவில்லை. "ஆம்பளப் பிள்ளை, பைய பேசுவான்" என்று இனியும் காத்திருக்காதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் பசை போல நீர் தேங்குவதுண்டு. காது வலிக்காது, சீழ் வடியாது. ஆனால் விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்பதுபோல் மங்கலாகத்தான் கேட்கும். சொல்லின் ஓரங்கள் காதில் விழாத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? டிம்பனோமெட்ரி என்ற சோதனை இரண்டு நிமிடத்தில் இதைக் காட்டிவிடும். அதோடு கேள்திறனை அளக்கும் ஆடியோமெட்ரி. பிள்ளை ஒத்துழைக்காவிட்டால் தூங்க வைத்து எடுக்கும் பெரா என்ற கேள்திறன் சோதனை. நீர் தேங்கியிருந்தால் மூன்று மாதம் பார்ப்பார்கள், அதற்குப் பிறகும் வற்றாமல் கேள்திறன் குறைந்தே இருந்தால் செவிப்பறையில் சிறு குழாய் வைப்பார்கள்.

இரண்டாவது காரணத்தையும் விலக்கியாக வேண்டும். பிறந்தவுடன் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் மிக அதிகமாக ஏறினால் அது செவி நரம்பைப் பாதிக்கக்கூடும். மூன்று நாள் லைட்டில் இருந்த பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார்கள், பயப்பட வேண்டாம். ஆனாலும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். பிலிருபின் உச்சமாக எவ்வளவு ஏறியது, ரத்தம் மாற்றினார்களா, மகனின் ரத்த வகை என்ன, எத்தனை வாரத்தில் பிறந்தான், எடை எவ்வளவு என்ற விவரங்களைக் காது மருத்துவருக்கும் குழந்தை மருத்துவருக்கும் காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரு பிரிவும் உண்டு. காது நன்றாக இருந்தால் வளர்ச்சி மதிப்பீடும் பேச்சுப் பயிற்சியும் அடுத்த படி. வீட்டில் போன் பார்க்கும் நேரத்தைக் குறைத்து, அவனோடு முகம் பார்த்துப் பேசுங்கள்.

இளைப்புக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு மழைக்காலம், சுவரில் பூஞ்சை, அறையை மூடிக் கொளுத்தும் கொசுவத்தி, ரப்பர் விறகு அடுப்பு, சில வீடுகளை ஒட்டியே ரப்பர் ஷீட் புகையிடும் இடம். குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா என்று குழந்தை மருத்துவர் கேட்பார். அடிக்கடி இளைப்பு வந்தால் ஸ்பேசர் என்ற குழாய் வைத்து இன்ஹேலர் தருவார். பம்ப் பழகிவிடும் என்று அதற்கும் பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. பழகாது.

இப்போது வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வருவோம். இந்த வாரமே ஒரு ரத்தச் சோதனை எடுங்கள்: இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட், சுருக்கமாக ஐசிடி. நெகட்டிவ் ரத்தமுள்ள தாயின் உடலில் பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தம் சில துளி கலந்தாலே போதும், அதை எதிர்க்கும் பொருள் தாயின் ரத்தத்தில் உருவாகிவிடலாம். ஊசிப் பரிசோதனை அப்படிக் கலக்க வழிவிடும் ஒரு தருணம். பிரசவம் அதைவிடப் பெரிய தருணம். உருவான எதிர்ப்பொருள், அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால், அதன் ரத்தத்தைக் கருவிலேயே அழிக்கக்கூடும். ரத்தசோகை, உடல் வீக்கம், கடுமையான காமாலை என்று அது போகும். இந்தப் பரிசோதனையை ஒட்டிப் பிள்ளையின் உடல்நலத்தை நிலையாகக் கெடுக்கக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான். அப்படி ரத்தம் கலக்கும் தருணத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் போடும் ஆன்டி-டி ஊசி ஒன்று அதைத் தடுத்துவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கணவரின் ரத்த வகையைப் போனில் கேட்டு வையுங்கள். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைத் தாளில் இருந்தாலும் இருக்கும். பழைய பிரசவத் தாள்களில் ஆன்டி-டி என்ற பதிவு உண்டா என்றும் பாருங்கள். ஐசிடி நெகட்டிவ் என்று வந்தால், முதல் தடவை போட்டார்களோ இல்லையோ, இதுவரை கெடுதல் நடக்கவில்லை என்று பொருள். இந்தத் தடவை நீர் எடுத்த அன்றே ஆன்டி-டி போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் பொதுவாக 300 மைக்ரோகிராம் போடுகிறார்கள். அது போட்டாயிற்று என்பதற்காக 28ஆவது வாரத்து ஊசியை விடக் கூடாது. பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்குப் பிறகும் போட வேண்டும். ஐசிடி பாசிட்டிவ் என்று வந்தால் கதை மாறும். ஆன்டி-டியால் அப்போது பயனில்லை. எதிர்ப்பொருளின் அளவைப் பார்த்து, பிள்ளைக்கு ரத்தசோகை வருகிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடர்ந்து கவனிக்கும் கரு மருத்துவ மையத்துக்குப் போக வேண்டும்.

நீங்கள் ஓ வகை என்பதால், பிள்ளை ஏ அல்லது பி வகையாக இருந்தால் ரத்த வகை ஒத்துப்போகாத வேறொரு லேசான பிரச்சினையும் வரலாம். மேலே சொன்ன 1994ஆம் ஆண்டுக் கனடா ஆய்வில் தெரிந்தது அதுதான். அதற்குத் தடுப்பூசி இல்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை. பிரசவ அறையில் தொப்புள்கொடி ரத்தத்தில் வகையும், தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தில் ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் டைரக்ட் கூம்ப்ஸும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாளில் பிலிருபின் அளவு பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். இளவெயிலில் காட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இனி எந்தப் பரிசோதனை என்பது. 90இல் 1 என்றால், இதே எண் வந்த 90 தாய்மாரில் 89 பேரின் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறை) இருக்காது. அந்த எண்ணில் பாதிக்குமேல் உங்கள் வயதே பேசுகிறது. என்.டி. 2.1 மி.மீ. நல்ல அளவு. ஆகவே உடனே ஊசிக்குப் போகாமல் என்ஐபிடி எடுத்துப் பார்க்க உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் கை ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் சோதனை அது. பிள்ளைக்கு எந்த ஆபத்தும் இல்லை. டவுன் சிண்ட்ரோமில் 100க்கு 99ஐக் கண்டுபிடித்துவிடும். லோ ரிஸ்க் என்று வந்து 18 முதல் 20 வாரத்தில் உறுப்புக் குறை பார்க்கும் அனாமலி ஸ்கேனும் சுத்தமாக இருந்தால், ஊசி வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். என் யோசனை உங்களுக்கு இதுதான். ஹை ரிஸ்க் என்று வந்தால் அதை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, நீர் எடுத்து உறுதி செய்தாக வேண்டும். என்.டி. 3.5 மி.மீ.க்கு மேல் போனவர்கள், ஸ்கேனில் உறுப்புக் குறை தெரிந்தவர்கள் என்ஐபிடியில் நாள் கடத்த வேண்டாம். அவர்கள் நேராக ஊசிப் பரிசோதனைக்கே போக வேண்டும், அதில் நுண்ணிய குரோமோசோம் மாற்றங்களைக் காட்டும் மைக்ரோஅரேயும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நஞ்சுக்கொடித் துணுக்கு எடுக்கும் சிவிஎஸ் சோதனையை உங்களுக்கு நான் முன்வைக்க மாட்டேன். 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யலாம், சீக்கிரம் பதில் தெரியும் என்பது அதன் வசதி. ஆனால் ரத்தம் கலக்கும் வாய்ப்பு அதில் கூடுதல், உங்களுக்கோ நெகட்டிவ் ரத்தம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நஞ்சுக்கொடியில் தெரியும் மாற்றம் பிள்ளையிடம் இராது. அப்போது மறுபடி நீர் எடுக்க வேண்டிவரும். சிவிஎஸ் செய்தால் பிள்ளைக்கு விரல் இருக்காது என்ற பேச்சுக்கும் ஒரு வேர் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 1991இல் 289 கர்ப்பங்களில் 5 பிள்ளைகளுக்குக் கை கால் குறை இருந்ததைக் கண்டார்கள். அந்த ஐந்தும் 56 முதல் 66 நாளுக்குள், அதாவது 10 வாரத்துக்கு முன் செய்தவை. கை கால் உருவாகும் நேரத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டதே காரணமாகக் கருதப்படுகிறது. 10 வாரம் முடிந்து செய்பவற்றில் அந்தக் குறை கூடவில்லை. பிறந்த பிள்ளையின் தோலில் சிவப்பு ரத்தநாளக் கட்டி சிவிஎஸ்ஸுக்குப் பிறகு சற்றுக் கூடுதலாகச் சில ஆய்வுகளில் தெரிந்தது. அது பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

ஊசியால் கரு கலைவது எத்தனை பேருக்கு? 100இல் 1 என்று இன்றும் பலர் சொல்வது 1986இல் டென்மார்க்கில் 4606 பெண்களிடம் நடந்த ஆய்வின் கணக்கு. இன்று கைதேர்ந்தவர் செய்தால் 200இல் 1க்கும் குறைவு. கை முக்கியம். செய்யும் மருத்துவர் இதைத் தொடர்ந்து செய்கிறவரா என்று கேட்பதில் தவறில்லை, கேளுங்கள். நாகர்கோவிலில் செய்தாலும் திருவனந்தபுரம் போனாலும் இதே கேள்விதான்.

நீர் எடுக்கும் அளவுக்கு வந்தால் 16ஆவது வாரத்தில் நாள் குறியுங்கள். ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்வாக இருந்து வைரஸ் அளவும் மிக அதிகமாக இருந்தால், ஊசி வழியாகப் பிள்ளைக்குத் தொற்ற வாய்ப்பு கூடும். அவர்கள் முதலில் வைரஸ் அளவைப் பார்த்துச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். வெறும் வயிறாகப் போக வேண்டாம். ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, பிள்ளை எந்தப் பக்கம், நீர் நிறைந்த இடம் எது என்று பார்ப்பார்கள். உங்களுக்கு நஞ்சுக்கொடியைத் துளைக்காத வழி கிடைத்தால் நல்லது. கிருமிநாசினியால் வயிற்றைத் துடைத்து, 20 முதல் 22 கேஜ் மெல்லிய ஊசியை அதன் நுனி திரையில் தெரியும்படி இறக்குவார்கள். பிள்ளையைக் குத்திவிடுமோ என்ற பயத்துக்கு இதுதான் பதில்: திரையில் நுனி தெரியாமல் ஊசி நகராது. முதல் 1, 2 மி.லி.யில் தாயின் செல்கள் கலந்திருக்கும் என்பதால் அதைத் தள்ளிவிட்டு, பிறகு வருவதை எடுப்பார்கள். ஓரிரு நிமிட வேலை. வலி ரத்தம் எடுக்கும் வலியைவிடச் சற்று அதிகம், உள்ளே ஒரு இறுக்கம் போலத் தோன்றும். இரண்டு முறை குத்தியும் நீர் வராவிட்டால் அன்றைக்கு நிறுத்திக்கொள்வதே சரி. முடிந்ததும் இதயத் துடிப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அரை மணி, ஒரு மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வரலாம். கார், பஸ் பயணத்தால் கரு கலையாது. ஆனால் அடுத்த மூன்று நாள், ஏதாவது என்றால் சீக்கிரம் மருத்துவமனை போகக்கூடிய இடத்தில் இருங்கள். ஓரிரு நாள் குடம் தூக்க வேண்டாம், தாம்பத்தியம் வேண்டாம். வாரக் கணக்கில் படுத்துக் கிடப்பதால் எந்த நன்மையும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

சிறுநீர் போலத் துணி நனைந்தால், ரத்தம் போனால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், வலி விட்டுவிட்டு இறுகினால், வாடையோடு வடிந்தால், இரவானாலும் அன்றே போங்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நீர் கசியும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடைபட்டு, பிள்ளை நன்றாகவே பிறக்கும். அடைபடாமல் வாரக்கணக்கில் நீர் வற்றியே இருந்தால்தான் நுரையீரல் வளர்ச்சி தடைபடுவதும் மூட்டுகள் இறுகுவதும் நேரும். எடுத்த 20 மி.லி. நீரால் வராத கேடு, கவனிக்காமல் விட்ட கசிவால் வரலாம். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

முக்கியமான சில குரோமோசோம்களை மட்டும் பார்க்கும் கியூஎஃப்-பிசிஆர் அல்லது ஃபிஷ் சோதனையின் முடிவு சில நாளில் வரும். குரோமோசோம் முழுமையாக எண்ணும் கேரியோடைப் இரண்டு மூன்று வாரம் ஆகும். 16இல் எடுத்தால் 19க்குள் எல்லாம் கையில் இருக்கும். சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர், 24 வரை குறிப்பிட்ட சில சூழலில் இரு மருத்துவர்கள், அதற்கு மேல் கடுமையான குறை இருந்தால் மட்டும் மருத்துவக் குழு என்பது கருக்கலைப்புக்கான வரம்பு. முடிவு எப்படி வந்தாலும் கலைக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பெற்றெடுப்பதென்று தீர்மானித்தாலும் இந்த அறிவு வீணல்ல. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். 20ஆவது வாரத்தையொட்டிக் கருவின் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்து, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனைக்கு முன் ஃபார்ம் ஜி என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அது உங்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும், பக்கவிளைவுகளைச் சொல்லிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், நகல் ஒன்று உங்கள் கையில் தர வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கையெழுத்து உங்களுடையது. கணவர் வெளிநாட்டில் இருப்பது தடையே இல்லை. ஆணா பெண்ணா என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்பதும் குற்றம். பழைய நீர்ப் பரிசோதனை ரிசல்ட், ஐசிடி தாள், கணவரின் ரத்த வகை, டபுள் மார்க்கர் ரிப்போர்ட், என்.டி. படம், இத்தனையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போங்கள். ஆன்டி-டி போட்டதும் தேதியையும் அளவையும் தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்கிய பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.